கேழ்வரகு முளைத்த வெனிஸ்

வெனிஸ் நகரத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒருமுறை அதைக் கட்டியிருக்கிறேன். நியூஜெர்சியில், ஒரு கோயில் ஹாலில், காபி மெஷினுக்கும் கோட் மாட்டும் கம்பிக்கும் நடுவில், நான்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டு. இப்போது நினைத்தாலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. ரயிலில் போகும்போது நினைத்துவிட்டால் பக்கத்து சீட்டுக்காரர் சற்றுத் தள்ளி உட்காருவார்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் பிளெய்ன்ஸ்பரோவில் இருந்தோம். என் மனைவி நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்தது, அவள் பின்னால் நான் வந்தேன். தூத்துக்குடியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவன் நான். மருந்துக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி அனுப்பும் கிடங்கு ஒன்றில் எனக்கு வேலை. அட்டைப்பெட்டிகள் பதில் பேசாது என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

சுற்றுவட்டாரத்தில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒரு இருபது சேர்ந்திருந்தோம். மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசை. நியூயார்க் பக்கம் படித்துக்கொண்டிருந்த தமிழ்ச் சாமியார் ஒருவர் ரயிலேறி வந்து பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறங்குவார். யாராவது காரில் போய் அழைத்து வருவோம். பூசை யாராவது ஒருவர் வீட்டில் நடக்கும். சோபாவை பெட்ரூமுக்குள் தள்ளிவிட்டு, சாப்பாட்டு மேசையைப் பீடமாக்கி, அறுபது பேர் சம்மணம் போட்டு உட்காருவோம். ஒரு கீபோர்டு, ஒரு தபேலா, இரண்டு டஜன் பிள்ளைகள். கீழ்வீட்டுக்காரர் எத்தனை மாதம்தான் பொறுப்பார்? அப்பார்ட்மெண்ட் ஆபீஸிலிருந்து கடிதம் வந்துவிட்டது. இனி இப்படிக் கூடினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று. மற்ற வீட்டுக்காரர்களும் பயந்துபோனார்கள். இரண்டு மாதம் பூசையே இல்லை.

பக்கத்து ஊர்க் கோயிலின் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தோம். ஐரிஷ்காரர், நல்ல மனிதர். தமக்கு ஆட்சேபம் இல்லை என்றார். ஆனால் ஞாயிறு மதியத்தில் கோயிலைக் கொடுப்பது கோயில் நிர்வாகம் பார்க்கும் பங்குப் பேரவையின் கையில் இருக்கிறது. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் அவர்கள் கூடுவார்கள். “ஒன்றுதான் சங்கடம், அவர்களுக்கு உங்களைத் தெரியாது” என்று மோவாயைத் தடவினார். பிறகு திடீரென்று முகம் மலர்ந்தது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் குடில் வைக்கும் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இந்த வருஷக் குடிலை நீங்கள் வைக்கிறீர்களா? குடிலைப் பார்க்க ஊரே வரும். அப்படியே உங்களையும் பார்த்துவிடும்.

ஆக, விஷயம் இதுதான். குடில் நன்றாக அமைந்தால் தமிழ்ப் பூசைக்கு இடம். சொதப்பினால் தமிழில் பாட்டுப் பாட நாங்கள் காரை எடுத்துக்கொண்டு காட்டுக்குள்தான் போக வேண்டும்.

அன்று சாயங்காலமே எங்கள் தமிழ்ப் பூசைக் குழுவின் செயலாளர் வீட்டில் கூட்டம். செயலாளர் சென்னைக்காரர், கம்ப்யூட்டர் வேலை, என்னைவிட வயதில் சின்னவர். எதற்கும் ஒரு தீம் வேண்டும் என்பார். அவர் மகளின் பிறந்தநாளுக்கே டால்பின் தீம்.

“நான் நல்லா நோட் பண்ணிட்டேன். அந்த சர்ச்ல முக்கால்வாசிப் பேர் பேரு ஓ-ல முடியுது, இல்லன்னா ஈ-ல முடியுது. எல்லாரும் இத்தாலிக்காரங்க. ஸோ, தீம் இத்தாலி. அவங்க ஊரையே அவங்க கண்ணு முன்னாடி கொண்டுவந்து நிறுத்துறோம். ஆள் அப்படியே ஃப்ளாட்!”

“இத்தாலின்னா ரோமாபுரிதானே?” என்றார் திருச்சிக்கார அக்கா.

“ரோம்னா போப்பாண்டவரை வைக்கணும்க்கா. மூக்கு கொஞ்சம் கோணலாப் போச்சுன்னா ப்ராப்ளம்.”

“அந்தச் சாஞ்ச கோபுரம்?”

“நாம கட்டினா அது நேரா நின்னுடும்.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்வதற்குள் யாரோ வெனிஸ் என்றார்கள். தண்ணீர், படகு, பாலம், மேலே சீரியல் லைட். செயலாளர் சோபாவிலிருந்து எழுந்தே விட்டார். அடுத்த கேள்வி, யார் கட்டுவது. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனைவி வாயைத் திறந்தாள்.

“இவுக ஊர்ல தெருக்குடில் கட்டுனவுக. மூணு வருஷம் பிரைஸ் வாங்கிருக்காவ.”

நான் கார்ப்பெட்டைப் பார்த்தேன். அவர்கள் கைதட்டினார்கள். என் சம்மதம் அதோடு முடிந்தது.

வெனிஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு காலண்டர் படம். ஆகவே சனிக்கிழமை காலையில் லைப்ரரிக்குப் போனேன். பெரிய பெரிய படப் புத்தகங்கள் இருந்தன. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் படிக்க அரை மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது சனிக்கிழமை அகராதி இல்லாமலே தாண்டித் தாண்டி ஓடினேன். அப்படி ஒரு ஊர்! எனக்குப் பள்ளிக்கூடத்தில் இதை யாரும் சொல்லவில்லையே என்று கோபம்கூட வந்தது.

சேற்றில் மரக்கட்டைகளை நெருக்க நெருக்க அடித்து இறக்கி, அதன்மேல் கல் பாவி, அதன்மேல் கோயிலும் அரண்மனையும் எழுப்பியிருக்கிறார்கள். காற்றுப் படாமல் சேற்றுக்குள் கிடக்கிற கட்டை நூற்றாண்டுகளாகத் தாக்குப்பிடித்து நிற்கிறதாம். ஊருக்குள் கார் கிடையாது. கல்யாணமும் படகில், சவ ஊர்வலமும் படகில். கண்ணாடி ஊதுகிறவர்களின் உலையால் ஊர் பற்றி எரிந்துவிடும் என்று பயந்து அவர்களை ஒரு தனித் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். பணக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு படகுகளை ஜிகினா வேலையாக அலங்கரித்ததால், எல்லாப் படகும் கறுப்பாகவே இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள்.

லைப்ரரியிலிருந்து வந்ததும் சமையலறை வாசலில் நின்றுகொண்டு இதையெல்லாம் மனைவிக்குச் சொல்வேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் நான் அவ்வளவு பேசியதில்லை. அவள் வெங்காயத்தை நறுக்கியபடியே பதில் சொல்வாள்.

“புனித மாற்கு இருக்காருல்ல, அவரு திருவுடலை எகிப்துலேர்ந்து ரெண்டு வியாபாரிங்க கப்பல்ல ஒளிச்சுக் கொண்டாந்தாங்களாம். மேல பன்னிக்கறிய அடுக்கிட்டாங்களாம். சுங்கக்காரங்க மூக்கப் பொத்திக்கிட்டு விலகிட்டாங்களாம்.”

“நான் இங்க வரும்போது கருவாட்டுக்கு மேல சேலைய அடுக்குனேன். அவிய மாற்குவுக்கு மேல கறிய அடுக்கிருக்காவ. ஏர்போர்ட் எல்லாக் காலத்துலயும் ஒண்ணுதான்.”

“மலையாளக் கரை மிளகு பூரா கடைசியில வெனிஸ்காரன் கைக்குத்தான் போயிருக்கு. அத வித்துத்தான் அரண்மனை கட்டிருக்கான்.”

“நம்ம ரசத்துல கட்டுன வீடா? அப்ப வாடகை கேட்டு ஒரு லெட்டர் போடுங்க.”

“வருஷா வருஷம் ஆண்டவர் விண்ணேறுன திருநாள் அன்னிக்கு ஊர்த்தலைவர் தங்கக் கப்பல்ல போயி, கடலுக்குள்ள மோதிரத்தப் போட்டுக் கடலையே கல்யாணம் பண்ணிக்குவாராம்.”

“வருஷா வருஷமுமா?” அவள் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள். “நமக்கு ஒரு தடவைதான் போட்டீய.”

மூன்றாவது சனிக்கிழமைதான் அது நடந்தது. ஊர் நடுவே ஓடும் பெருவாய்க்காலின் முகப்பில் வெள்ளை வெளேரென்று ஒரு கோயில் படம். உச்சியில் பெரிய கும்மட்டம். பக்கவாட்டில் சங்கு சங்காகச் சுருண்ட கல்வேலை. கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். கொள்ளைநோய் வந்து ஊரில் சாவு மேல் சாவு விழுந்த காலத்தில், நோய் தீர்ந்தால் தேவமாதாவுக்கு ஒரு கோயில் கட்டுகிறோம் என்று ஊரே நேர்ந்துகொண்டதாம். நோய் தீர்ந்தது. கோயில் எழும்பியது. இன்றும் ஒவ்வொரு நவம்பரிலும் வாய்க்காலின் குறுக்கே படகுகளை வரிசையாக நிறுத்தித் தற்காலிகப் பாலம் போடுகிறார்கள். சனங்கள் அதன்மேல் நடந்துபோய் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். கோயிலின் பெயரை அகராதியில் தேடத் தேவையே இருக்கவில்லை. ஆரோக்கியத்தின் மாதா.

ஆரோக்கிய மாதா! வேளாங்கண்ணியில் இருக்கிறவளுக்கும் அதே பெயர்தான். அங்கேயும் கடலோரம். அங்கேயும் நேர்ச்சை, அங்கேயும் நடந்தே போகிற கூட்டம். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். லைப்ரரிக்கார அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். நான் வாசலுக்கு ஓடி, அங்கிருந்த போனில் காசைப் போட்டுச் செயலாளரைக் கூப்பிட்டேன்.

“வெனிஸ்ல நம்ம மாதா இருக்கா!”

“அண்ணே? நீங்களா பேசறீங்க? ஏன் கத்தறீங்க?”

“ஆரோக்கிய மாதா. பெரிய கோயில். தண்ணிக்குப் பக்கத்துலயே.”

“நம்ம வேளாங்கண்ணியா?”

“பேரு அதேதான்!”

“அண்ணே, இது ஆண்டவர் காட்டுற சைன்” என்றார் செயலாளர். அன்று மாலைக்குள் இருபது வீட்டுக்கும் செய்தி பறந்துவிட்டது. நாங்கள் வெனிஸைத் தேர்ந்தெடுக்கவில்லை, வெனிஸ்தான் எங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்று எல்லோரும் நம்பினோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துச் சனிக்கிழமைகளில் கோயில் ஹாலில் வேலை ஆரம்பமாயிற்று. கிடங்கிலிருந்து கழித்துப்போட்ட அட்டைகளைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்தேன். தெர்மாகோல் பலகைமேல் நேராக வீடுகளை ஒட்டிவிடலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. அடியில் கட்டை இறக்காமல் அது வெனிஸ் ஆகாது. சீனச் சாப்பாட்டுக் கடைகளில் கொடுக்கும் குச்சிகளை வீட்டுக்கு வீடு சேர்த்து வைத்திருந்தார்கள். அவற்றை நெருக்க நெருக்க தெர்மாகோலில் இறக்கினோம். புரோகிராமர்கள், ஒரு டாக்டர், ஒரு பேராசிரியர், எல்லோரும் தரையில் உட்கார்ந்து சப்பாத்திக் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணே, இது வெளியில தெரியவே தெரியாதேண்ணே” என்றார் செயலாளர், விரலை உதறிக்கொண்டே.

“தெரியாதுதான்” என்றேன்.

கேட்டரிங் அலுமினியத் தட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி வாய்க்கால்கள் செய்தோம். தண்ணீரில் கேக்குக்குப் போடும் நீலச்சாயம். அந்த ஞாயிறு நற்கருணை வாங்க நீண்ட தமிழ்க் கைகள் எல்லாம் நீலமாக இருந்தன. படகுக்கு என்ன செய்வது என்று திகைத்தபோது என் மனைவி எடிசனில் இருக்கும் இந்தியக் கடையிலிருந்து வாழைப்பூ வாங்கி வந்தாள். மடல் ஒவ்வொன்றும் இரண்டு முனையும் தூக்கிக்கொண்டு, அச்சு அசல் அந்த ஊர்ப் படகு! ஷூ பாலிஷ் போட்டுக் கறுப்பாக்கினோம். உள்ளே இருந்த பூவையெல்லாம் பெண்கள் வடையாகத் தட்டிவிட்டார்கள். வடை தீர்ந்ததும் படகு போதாது என்று ஆண்கள் சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஆரோக்கிய மாதா கோயிலுக்கு எங்கள் வீட்டு எவர்சில்வர் பேசினைக் கவிழ்த்துக் கும்மட்டமாக்கினேன். வெள்ளைத் தாள் ஒட்டி, உச்சியில் ஒரு டம்ளர். கோயில் வாசலில் எங்கள் வீட்டு வேளாங்கண்ணி மாதா, சரிகைச் சேலையோடு. மூன்று ராஜாக்கள் படகில் வருவதாக ஏற்பாடு. அவர்களுடைய ஒட்டகங்களை என்ன செய்வது என்று அரை மணி நேரம் விவாதம் நடந்து, ஒட்டகங்களுக்குத் தனிப் படகு விட்டோம்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது திருச்சிக்கார அக்கா நான்கு தட்டுகளில் முளைக்கட்டிய கேழ்வரகோடு வந்து நின்றார்.

“அக்கா, வெனிஸ்ல புல்லு கிடையாது. கல்லும் தண்ணியும்தான்.”

“புல்லு இல்லாத குடிலா? அப்ப பாலன் எங்க படுப்பாரு, சிமெண்ட்லயா?”

“அந்த ஊரு அப்படித்தான்க்கா.”

“எந்த ஊரா இருந்தா என்ன, தம்பி? பொறக்கப்போறது நம்ம ஆண்டவர்தானே? பச்சப் புள்ள முதுகு உறுத்தாதா?”

இதற்கு எந்தப் புத்தகத்தில் பதில் இருக்கிறது? வெனிஸைச் சுற்றிக் காய்கறி விளைகிற தீவுகள் உண்டு என்று படித்தது ஞாபகம் வந்தது. கேழ்வரகைத் தீவுகளாக்கி ஓரத்தில் வைத்தேன். ஒரு தட்டை மட்டும் கோயில் படிக்கட்டின் முன்னால் பாலன் படுக்க வைத்தேன். ஆனால் அந்த மூலையில் சுவரோரமாக ஹீட்டர் ஓடியதை நாங்கள் கவனிக்கவில்லை. கேழ்வரகு கவனித்திருந்தது. அடுத்த வாரம் ஹாலைத் திறந்தபோது வெனிஸைக் காணவில்லை. பச்சைப் பசேலென்று ஒரு சாண் உயரத்துக்கு வயல். நடுவில் டம்ளர் மட்டும் தெரிந்தது. நல்ல மகசூல் என்று டாக்டர் சொன்னார். நகம் வெட்டும் கத்திரி, புருவக் கத்திரி, காகிதக் கத்திரி என்று கையில் கிடைத்ததை எடுத்து எல்லோரும் அறுவடையில் இறங்கினோம். பூசை ஆரம்பிக்கக் கால் மணி நேரம் இருந்தபோது ஊர் மறுபடி வெளியே வந்தது.

அன்றுதான் திறப்பு. திருவருகைக் காலத்தின் கடைசி ஞாயிறு. பூசை முடிந்து எல்லோரும் காபிக்காக ஹாலுக்குள் வந்தார்கள். சீரியல் லைட் மினுங்கியது. பிள்ளைகள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்போது கூட்டம் விலகி வழிவிட்டது. குடில் அம்மா வந்தார். கையில் ஊன்றுகோல், பின்னால் நான்கு தோழிமார். எல்லோருக்கும் எழுபதைத் தாண்டிய வயது, எல்லோர் வாயிலும் உதட்டுச்சாயம். அவர்கள் தலையாட்டினால் பேரவை தலையாட்டும் என்று பங்குச் சாமியார் முன்பே சொல்லியிருந்தார்.

அந்த அம்மா பார்த்தார். குனிந்து பார்த்தார். ஊன்றுகோலை ஒருமுறை தரையில் தட்டினார்.

“இது எந்த ஊர்?”

“வெனிஸ், மேடம்!” என்றார் செயலாளர், மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிற குரலில். “உங்க ஊர்!”

“என் ஊரா? என் அப்பா நேப்பிள்ஸ் பக்கம். இவள் சிசிலி. அவர்கள் இரண்டு பேரும் கலாபிரியா. இதோ இவளுக்கு மட்டும் பாரி. எல்லாமே தெற்கு இத்தாலி.” விரலை ஒவ்வொருவராக நகர்த்திக்கொண்டே போனார். “என் அப்பா வெனிஸைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்கவும் ஆசைப்பட்டதில்லை. வடக்கே இருக்கிறவர்கள் எங்களை மனிதர்களாகவே மதித்ததில்லை.”

செயலாளர் முகம் வாய்க்கால் நிறத்துக்கு வந்துவிட்டது. என் மனைவி என் காதருகே வந்து, “தூத்துக்குடிக்காரனக் கூப்புட்டு, இந்தா உன் ஊருன்னு டெல்லியக் காட்டுன கதையால்ல ஆயிப்போச்சு” என்றாள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

“அதோடு, ஆட்கள் எங்கே?” என்றார் அந்த அம்மா. “குடில் என்றால் தெரு இருக்க வேண்டும். மீன் விற்கிறவன், ரொட்டி சுடுகிறவன், குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறவன் எல்லாம் வேண்டும். இங்கே வீடு வீடாகக் கட்டி ஒருவரையும் குடிவைக்கவில்லையே!”

அவர் திரும்பினார். தோழிமாரும் திரும்பினார்கள். எங்கள் தமிழ்ப் பூசை ஊன்றுகோல் வைத்து நடந்து வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. செயலாளர் என் விலாவில் இடித்தார். “அண்ணே, ஏதாவது சொல்லுங்கண்ணே. படிச்சீங்கல்ல!”

அமெரிக்காவில் முன்பின் தெரியாத ஒருவரை நானாக வலியப் போய்க் கூப்பிட்டது அன்றுதான் முதல் தடவை. “மேடம்” என்றேன். அவர் நடந்துகொண்டே இருந்தார். மறுபடி, “மேடம், மாதா” என்றேன். அவர் நின்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து முட்டிக்கொண்டது. கொள்ளைநோய் என்றேன், நேர்ச்சை என்றேன், படகுப் பாலம் என்றேன். ஆரோக்கிய மாதா என்றேன். எங்கள் ஊரிலும் இதே மாதா, கடலோரத்தில், புயலில் தப்பிய மாலுமிகள் கட்டிய கோயில் என்றேன். வினைச்சொற்கள் இருந்தனவா என்று ஞாபகமில்லை.

அவர் திரும்பி வந்து பேசினுக்கு முன்னால் குனிந்தார். அப்போதுதான் மாதாவைச் சரியாகப் பார்த்தார்.

“இது நிஜத் துணியா?”

“சேலை” என்றாள் என் மனைவி. “ஒவ்வொரு திருநாளுக்கும் புதுசு கட்டுவோம்.”

“எங்கள் ஊரிலும் மாதாவுக்கு நிஜத் துணிதான். என் அத்தைதான் தைப்பாள்.” தோழிமாரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஐந்து தலைகள் கும்மட்டத்தைச் சூழ்ந்தன. சிசிலிக்காரம்மா சரிகையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு குடில் அம்மா நிமிர்ந்து, என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இவள் முழங்காலுக்குக் கேட்பாளா?”

“எல்லாத்துக்கும் கேட்பா” என்றேன்.

அவர் தோழிமாரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் மிச்சமிருந்த காபியைக் குடித்தோம். நல்லதா கெட்டதா என்று யாருக்கும் புரியவில்லை. மதியம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, குடில் அம்மாவின் மகன் பெரிய மரப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அந்த அம்மா. பெட்டிக்குள் பழைய செய்தித்தாளில் சுற்றிய மண் பொம்மைகள். அந்த அம்மாவின் அப்பா கப்பலில் கொண்டுவந்தவை. மீன்காரன், ரொட்டிக்காரன், நூடுல்ஸை வாய்க்குள் தொங்கவிட்டுத் தின்கிறவன், தூங்குகிற ஆட்டு இடையன்.

“ஊரை மாற்ற நேரமில்லை” என்றார். “ஆட்களையாவது மாற்றுவோம்.”

பொம்மைகள் எங்கள் வீடுகளைவிட உயரம். மீன்காரன் அரண்மனைக் கூரைமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றான். அவனைப் படகில் ஏற்றினால் வாழைப்பூ மூழ்கியது. நான் அவனைப் பின்னால் வைத்தேன், தூரத்தில் இருப்பதுபோல் தெரியட்டும் என்று. மறுநாள் போனால் அவன் பாலத்தின் மேல் இருந்தான். நான் பின்னால் வைத்தேன். அடுத்த நாள் மறுபடி பாலத்தில். இந்தச் சண்டை கிறிஸ்துமஸ் தாண்டியும் நடந்தது. நேரில் பார்த்தால் நானும் குடில் அம்மாவும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே மாட்டோம், வணக்கம் மட்டும்தான். இதற்குள் மற்ற தோழிமாரும் தங்கள் வீட்டுப் பெட்டிகளைத் திறந்துவிட்டார்கள். வெனிஸில் சிசிலிக் கழுதைகள் இறங்கின. நம் பெண்கள் சும்மா இருப்பார்களா? ஷோகேஸிலிருந்த தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை வந்தது. ஒரு மஞ்சள் ஆட்டோ ரிக்‌ஷா வந்து அரண்மனை வாசலில் சவாரிக்காக நின்றது. எங்கள் வெனிஸில் நடக்க இடமில்லாமல் போயிற்று. அதைப் பார்க்க பக்கத்துப் பங்குக் கோயில்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். ஹாலில் இத்தாலிய பிஸ்கட்டும் முறுக்கும் கைமாறிக்கொண்டே இருந்தன.

மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து பேரவை கூடியது. நானும் செயலாளரும் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். செயலாளர் ஒரு பைல் கொண்டுவந்திருந்தார். அதற்குள் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உள்ளே நடந்ததைப் பங்குச் சாமியார்தான் பிறகு சொன்னார். ஒருவர் ஹீட்டர் செலவைப் பற்றிக் கேட்டாராம். இன்னொருவர் சமையல் வாசனை திரைச்சீலையில் ஏறுமே என்றாராம். குடில் அம்மா ஊன்றுகோலைத் தட்டியிருக்கிறார். “அந்த ஆளோடு எனக்கு மீன்காரன் விஷயம் இன்னும் முடியவில்லை. அது முடிகிறவரை அவர்கள் இங்கேதான் இருக்க வேண்டும்.”

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மதியம் மூன்று மணிக்குக் கோயில் எங்களுக்கு. சாமியார் கதவைத் திறந்து சொன்னதும் செயலாளர் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். அவருக்கு என் தோள் உயரம்தான். எப்படித் தூக்கினார் என்றே தெரியவில்லை.

எங்களுக்குக் கிடைத்த முதல் ஞாயிறு பொங்கல் சமயமாக அமைந்தது. கோயில் நிறைந்துவிட்டது. நியூயார்க் சாமியார் பீடத்தின் முன்னால் கையை விரித்து, “ஆண்டவர் உங்களோடு இருப்பாராக” என்றபோது நாங்கள் பதில் சொன்ன சத்தத்தில் கூரை அதிர்ந்தது. முதல் வரிசையில் அந்த ஐந்து அம்மாக்களும் ஒரு வார்த்தை புரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தோடு எழுந்தார்கள், கூட்டத்தோடு உட்கார்ந்தார்கள், பாட்டுக்குத் தப்பான தாளம் போட்டார்கள்.

பூசை முடிந்து ஹாலின் சமையலறையில் பெரிய பானையில் பொங்கல் ஏறியது. எல்லோரும் வாசலில் முண்டியடித்துக்கொண்டு பானையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பால் நுரை கட்டி விளிம்புக்கு வந்தது. குடில் அம்மா பார்த்துவிட்டார். இத்தனை பேர் நிற்கிறார்கள், ஒருவருக்கும் அடுப்பை அணைக்கத் தோன்றவில்லையே என்று நினைத்திருப்பார். ஊன்றுகோலை வீசிவிட்டு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிப்போய் அடுப்பின் திருகில் கை வைத்தார்.

“வேண்டாம்! வேண்டாம்!” என்று அத்தனை பேரும் தமிழில் கத்தினோம்.

அவர் கையை அங்கேயே வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். யாரைக் கேட்பது என்று தேடி, என்னைக் கண்டுபிடித்தார்.

“இது வழியவா வேண்டும்?”

“ஆமா, மேடம். நல்லா வழியணும். வழிஞ்சாத்தான் நல்லது.”

“அடுப்பு மேலேயேவா?”

“ஆமா.”

அவர் பானையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அப்புறம் திருகைக் கடைசி எண் வரைக்கும் திருப்பிவிட்டார்.